டூ நாட் ஸ்டார்ட் என்றொரு தந்தி

1

இன்று அப்பா இறந்து ஒரு வருஷம். தாம்பரத்தில் இப்போது சாயங்காலம். வீட்டில் ஜெபம் முடிந்திருக்கும், மெர்சி அக்கா வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருப்பாள். இங்கே காலை. வெளியே பனி கொட்டுகிறது. நான் விடுதிக் கூடத்தில், போனுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்றே டிரங்க் கால் பதிவு பண்ணியாகிவிட்டது. காலையில் எப்போது வேண்டுமானாலும் லைன் கிடைக்கலாம், நகராதீர்கள் என்றாள் ஆபரேட்டர். நகரவில்லை. மடியில் காகிதத்தை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அமெரிக்க வாழ்க்கையைப் பற்றி எழுது, எழுது என்று ஊரிலிருந்து பத்திரிகை நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பனி, பாலம், பெரிய பெரிய கார் எல்லாம் எதிர்பார்த்திருப்பார்கள். மன்னிக்க வேண்டும், இன்றைக்கு என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது.

அம்மா என்னோடு பேசி ஒரு வருஷமாகிறது. கோபம் இல்லை. அக்கா எழுதும் கடிதங்களின் அடியில் அம்மா சொன்னதாக இரண்டு வரி இருக்கும்: குளிருக்கு உள்ளே பனியன் போடுகிறாயா, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறாயா. போனுக்கு மட்டும் வர மாட்டாள். எங்கள் தெருவில் போன் இருப்பது எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் வீட்டில். ரோட்டைத் தாண்டினால் போதும். ஈஸ்டருக்குக் கூப்பிட்டேன், கிறிஸ்துமசுக்குக் கூப்பிட்டேன். இரண்டு தடவையும் அக்காதான் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அம்மா வரலையாக்கா?"

"வர மாட்டேங்கறாங்கடா. நானும் கெஞ்சிப் பாத்துட்டேன். அந்த வாசப்படியையே மிதிக்க மாட்டேங்கறாங்க."

ஏன் என்று எனக்குத் தெரியும். இன்றைக்காவது வருவாளா என்பது தெரியாது. போன் அடிப்பதற்குள் அந்த ‘ஏன்’ஐ எழுதி முடித்துவிடப் பார்க்கிறேன்.

2

முதலில் நான் இங்கே என்ன செய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் சயன்ஸ் என்றால் ஊரில் "ரிப்பேர் பண்ணுவியாப்பா?" என்று கேட்கிறார்கள். இல்லை. நான் கம்ப்யூட்டரைத் தொடுவதே குறைவு. காகிதத்தில் வட்டம் போட்டு அம்பு வரைகிறவன்.

தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் எடை பார்க்கும் மெஷின் இருக்கிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறி நின்றால் விளக்கு மினுங்கும், சக்கரம் சுற்றும். சக்கரம் நின்ற பிறகு காசு போட்டால் அட்டை வரும், முன்பக்கம் எடை, பின்பக்கம் ஜோசியம். அவசரப்பட்டு முன்னாலேயே போட்டால் காசு அம்போ. அந்த மெஷினுக்கு உங்களைத் தெரியாது, நேற்று ஏறியவரையும் தெரியாது. ‘சும்மா இருக்கிறேன்’, ‘சுற்றுகிறேன்’, ‘காசு வாங்கத் தயார்’ என்று ஒருசில நிலைகள். எந்த நிலையில் இருக்கும்போது என்ன வந்தால் எந்த நிலைக்குத் தாவ வேண்டும் என்று ஒரு விதி. எந்த வழியாக இந்த நிலைக்கு வந்து சேர்ந்தோம் என்பது அதற்கு ஞாபகமே இருக்காது. இப்போது எங்கே நிற்கிறது என்பது மட்டும்தான் அதன் மொத்த ஞாபகமும்.

ஃபைனைட் ஆட்டோமேட்டான் என்பது இதுதான். நான் எனக்காக ‘நிலைப்பொறி’ என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவுதானா என்றால், இவ்வளவுதான்! அதுதானே ஆச்சரியம்! நாம் எழுதிக்கொடுக்கும் புரோகிராமை எழுத்தெழுத்தாகப் படித்து, இது எண், இது பெயர், இது கூட்டல் குறி என்று பிரித்துக்கொடுப்பது ஒரு நிலைப்பொறி. சர்க்யூட் போடுகிறவர்களுக்கும் அதுதான் அரிச்சுவடி. மூளை நரம்பை ஆராய்கிறவர்கள், மொழியை ஆராய்கிறவர்கள் எல்லோரும் இங்கே ஒரே கரும்பலகையில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். இதைவிட என்னை மயக்கியது வேறொன்று. இந்தப் பொறியால் என்ன முடியாது என்பதையும் நிரூபித்துவிடலாம். அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி என்று எவ்வளவு ஆழமாக வேண்டுமானாலும் போகலாம் என்று வைத்துக்கொண்டால், திறந்ததெல்லாம் மூடியாயிற்றா என்று எந்த நிலைப்பொறியாலும் சொல்ல முடியாது. எத்தனை திறந்தோம் என்று எண்ணிக்கொண்டே போக அதற்கு ஞாபகம் போதாது. ஒரு சின்ன மெஷினின் இயலாமையை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியும் என்று முதலில் படித்தபோது எனக்குத் தூக்கமே வரவில்லை.

என் ஆராய்ச்சி இதில் ஒரு மூலை. எலெக்ட்ரிக் டிரெயினில் தூங்கிவிட்டீர்கள். விழித்தால் மாம்பலமா, கிண்டியா, குரோம்பேட்டையா, ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ‘தாம்பரம் பக்கமாக ஒரு ஸ்டேஷன் போ, இன்னொரு ஸ்டேஷன் போ’ என்று போதுமான தடவை சொல்லிக்கொண்டே இருந்தால், எங்கே விழித்திருந்தாலும் கடைசியில் தாம்பரத்தில்தான் நிற்பீர்கள், வண்டி அதோடு சரி. தொடங்கிய இடம் தெரியாமலே ஊர் சேர்க்கும் ஒரு கட்டளைச் சரம். இங்கே எல்லோரும் அதைச் ‘சொல்’ என்றே சொல்கிறார்கள். ஒரே ரயில் பாதையில் இது சுலபம். அம்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் பொறியில், அப்படி ஒரு சொல் இருந்தால் அது அதிகபட்சம் எவ்வளவு நீளம் இருக்கும்? யாராலும் இன்னும் முழுசாகச் சொல்ல முடியவில்லை. நான் ஒருவகைப் பொறிகளுக்கு மட்டும் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். மூன்று வருஷமாகப் பார்க்கிறேன். நிரூபணத்தில் ஒரு ஓட்டை. அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று.

3

இனி பெயர். ஊரில் நான் டி. அருள்ராஜ். டி என்றால் தேவசகாயம், அப்பா. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டபோது இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள், தேவசகாயம் அருள்ராஜ் என்று விரித்தேன். இங்கே வந்து இறங்கினால், முன்னால் இருப்பதுதான் ஆளின் பெயர், பின்னால் இருப்பது குடும்பப் பெயர். முதல் நாளே துறைச் செயலாளர் அம்மாள் கையைக் குலுக்கி, "வெல்கம், தேவா" என்றார். திருத்தினேன். தலையாட்டினார். மறுநாள், "குட் மார்னிங், தேவா."

அன்றிலிருந்து என் அப்பாவின் பெயர்தான் என் பெயர். பேராசிரியர் தேவா என்கிறார். நான் பாடம் எடுக்கும் வகுப்புப் பையன்கள், முழுப்பெயரும் சொல்லத் தெரியும் என்று காட்டுவதற்காக, "தேவாசாகாயாம்" என்று இழுக்கிறார்கள். முதலில் சிரிப்பாக வந்தது.

சிரிப்பு ஏன் என்றால், எங்கள் வீட்டில் அம்மா அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ரேஷன் கடையில் "வூட்டுக்காரர் பேரு இன்னாம்மா?" என்று கேட்டால் என் தோளை இடிப்பாள், நான் சொல்ல வேண்டும். அதாவது பரவாயில்லை. ஜெபத்தில் யாராவது ‘தேவ சகாயம் வேண்டி’ என்று ஆரம்பித்தால், எல்லோரும் சேர்ந்து சொல்லும் இடத்தில் அம்மா மட்டும் ‘ஆண்டவருடைய ஒத்தாசை’ என்று மாற்றிச் சொல்லிக்கொள்வாள். அப்பாவுக்கு அதில் ஒரே குஷி. "கடவுளே இவகிட்ட வந்து சகாயம் வேணுமான்னு கேட்டா, வேணாம் ஒத்தாசை குடுங்கன்னு சொல்லுவா" என்பார்.

அப்பா தந்தி ஆபீசில் கவுண்டர் கிளார்க். ஒரு வார்த்தைக்கு இவ்வளவு என்று கட்டணம் என்பதால், எதிரே வந்து நிற்கிறவர்களின் செய்தியை நறுக்கிக்கொடுப்பது அவர் வேலையில் பாதி. அழுதுகொண்டு வருகிறவர்கள் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வருவார்கள், அப்பா அதை ஐந்தாறு சொல்லாக்கிவிடுவார். செத்துவிட்டார் என்று எழுதவே மாட்டார், எக்ஸ்பயர்டு. புறப்பட்டு வா என்பதற்கு ஸ்டார்ட். நம் ஊரில் யாருக்குத்தான் இது புரியாது?

அவருக்கென்று ஒரு விதியும் உண்டு. இறந்த செய்தியில் உறவுமுறை போடக்கூடாது, பெயரைத்தான் போட வேண்டும். காரணம், பல்லாவரத்துக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று. ‘ஃபாதர் எக்ஸ்பயர்டு’ என்று வெளியூருக்குத் தந்தி போனது. அங்கே இருந்த மகன், தன் அப்பாதான் போய்விட்டார் என்று மொட்டையடித்துக்கொள்ளாத குறையாக அலறிப்புடைத்துக்கொண்டு வந்து இறங்கினால், வாசலில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். போனது பங்குச் சாமியார். நாங்கள் புராட்டஸ்டண்டுகள், எங்களுக்குப் போதகர் ‘ஐயர்’தான், இந்தக் குழப்பம் வராது. ஆனாலும் அப்பா ஆபீசில் எல்லோருக்கும் விதி போட்டுவிட்டார். உறவு வேண்டாம். பெயர். பெயரில் குழப்பம் வராது.

4

இந்தக் கிறிஸ்துமசுக்கு முந்தின கிறிஸ்துமஸ் சமயத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கை, வாய். அக்கா எழுதியிருந்தாள்: ‘பேச்சு வரவில்லை. உன் போட்டோவைக் காட்டினால் பார்க்கிறார். டாக்டர் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார். முடிந்தால் வந்துவிட்டுப் போ.’

முடிந்தால்! அன்றைக்கே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு ஓடினேன். ஊருக்குப் போய்விட்டுத் திரும்ப வருவதற்கு அங்கே ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். அது இல்லாமல் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். திரும்ப உள்ளே விட மாட்டார்கள். அங்கே இருந்தவர் மிஸஸ் ஹால். வெள்ளை முடி, பவழமாலை, எப்போதும் இனிப்பு நிறைந்த கண்ணாடிக் கிண்ணம். கெட்டவர் இல்லை. அதுதான் பிரச்சினை, யாரைத் திட்டுவது?

காகிதத்துக்குத் துறையின் நற்சான்று வேண்டும் என்றார். துறைக்குப் போனேன். அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்தவர்களுக்குத்தான் நற்சான்று என்றார்கள். பதிவு செய்யப் போனேன். என் விவரம் குத்தியிருந்த துளையட்டையை மெஷினில் விட்டுப் பார்த்துவிட்டு, உன் அனுமதிக் காலம் முடியப்போகிறது, மிஸஸ் ஹாலிடம் நீட்டிப்பு வாங்கி வா என்றார்கள். மிஸஸ் ஹாலிடம் போனேன். துறையின் நற்சான்று இருந்தால் நீட்டிப்பு உடனே தருகிறேனே, கண்ணு, ஒரு மிட்டாய் எடுத்துக்கொள் என்றார்.

பாஸ்கரனிடம் இதை ஒரு காகிதத் துடைப்பானில் வரைந்து காட்டினேன். பாஸ்கரன் என் அறை நண்பன், கெமிக்கல் இன்ஜினியரிங், குரோம்பேட்டைக்காரன். அவனோடு பேசினால்தான் எனக்குத் தமிழ் வாயில் நிற்கிறது. மூன்று வட்டம், மூன்று அம்பு, சுற்றிச் சுற்றி.

"இதுல வெளிய போற அம்பு எங்க மச்சான்?"

"இல்லடா. அதான் சொல்றேன். உள்ள போனா வெளிய வர முடியாத நிலை. எங்க பாடத்துல இதுக்குத் தனியாப் பேரே இருக்கு."

"எங்க ஏரியாலயும் பேரு கீது. எலிப்பொறி." துடைப்பானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நிலைப்பொறி, எலிப்பொறின்னு நீ இன்னா வேணா பேரு வெச்சிக்க. பேஜாரு புடிச்ச ஆபீசு. நீ ஒண்ணு பண்ணு, அந்தக் கெழவிக்கு எதிர்ல நின்னு அழு. மிட்டாயத் துன்னுகினே அழு."

அழுதேன். உண்மையாகவே. பொங்கலுக்கு மறுநாள், மிஸஸ் ஹால் எதிரில். அவர் எழுந்து வந்து முதுகைத் தட்டிக்கொடுத்தார். பார்க்கிறேன் என்றார். பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். அம்பு ஒன்றும் புதிதாக முளைக்கவில்லை.

இந்த ஊரில் ஒரு தமிழ் டாக்டர் குடும்பம் இருக்கிறது, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கூப்பிட்டுச் சாம்பார் போடுவார்கள். அந்த வாரம் போயிருந்தேன். அவர்களுடைய சின்னப் பெண் தமிழைக் காதில் வாங்கிக்கொண்டு இங்கிலீஷில் பதில் சொல்லும் ரகம். என் பெயர்த் தகராறைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தாயைக் காட்டி ஒரு சந்தேகம் கேட்டாள்: "அம்மா என்பது ஃபர்ஸ்ட் நேமா, லாஸ்ட் நேமா?" எல்லோரும் சிரித்தோம். அவள் அம்மா மட்டும் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

5

பருவம் தொடங்கிய முதல் வாரம் வகுப்பெடுக்கப் போனால், வாசலில் வேறொருவன் சாக்பீசோடு நிற்கிறான். "உன் வேலையை நிறுத்திவைத்திருக்கிறார்கள், தேவா. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. மிஸஸ் ஹாலிடம் ஓடினேன். கோட்டுப் பொத்தான்கூடப் போடவில்லை.

"ஓ தேவா," என்றார், "நானே உன்னைக் கூப்பிடுவதாக இருந்தேன். மோசமான செய்தி. உன் அனுமதி முடிந்துவிட்டது."

"முடியவில்லை, மேடம். இன்னும் நாள் இருக்கிறது. தயவுசெய்து பாருங்கள். என் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. இந்தச் சமயத்தில் இப்படிச் செய்யாதீர்கள்."

"எனக்குப் புரிகிறது. ஆனால் தந்தியே வந்துவிட்டதே. துறை விலாசத்துக்கு வந்ததாம், போன வாரம் எனக்கு அனுப்பினார்கள். உங்கள் அரசாங்கத்திலிருந்து என்று நினைக்கிறேன். உன்மேல் இரக்கம் காட்டச் சொல்லிக்கூடக் கேட்டிருக்கிறார்கள், பாவம், ஆனால் என் கையில் ஒன்றும் இல்லை."

நான் விடவில்லை. "எக்ஸ்பயர் ஆகவில்லை, மேடம்!" என்று மேஜையைத் தட்டினேன். "நான் சொல்கிறேன், எக்ஸ்பயர் ஆகவில்லை!"

அவர் என் கோப்பைத் திறந்து, தந்தியை என் பக்கமாகத் திருப்பிவைத்தார்.

தேவசகாயம் எக்ஸ்பயர்டு ஃப்ரைடே மார்னிங் டூ நாட் ஸ்டார்ட் மெர்சி.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். தாம்பரத்தில் படித்தால்: அப்பா வெள்ளிக்கிழமை காலை இறந்துவிட்டார், அடக்கத்துக்குள் வந்து சேர முடியாது, கிளம்பி வராதே, இப்படிக்கு மெர்சி. இங்கே படித்தால்: தேவசகாயம் என்ற மாணவனுக்கு வெள்ளிக்கிழமை காலையோடு கெடு முடிந்தது, அவன் வேலையைத் தொடங்கக்கூடாது, கருணை காட்டுங்கள். எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. ஒரே சரம், இரண்டு பொறி. ஒவ்வொன்றும் தன் விதிப்படி ஒழுங்காகத்தான் படித்து, தன் இடத்தில் போய் ஒழுங்காகத்தான் நின்றிருக்கிறது. தந்தியை எழுதிக்கொடுத்தது அப்பாவின் கவுண்டரில் அடுத்த நாற்காலிக்காரர். விதிப்படி எழுதியிருக்கிறார். உறவு வேண்டாம், பெயர். பெயரில் குழப்பம் வராது.

நான் மேஜையைத் தட்டிக் கத்தியது நினைவுக்கு வந்தது. எக்ஸ்பயர் ஆகவில்லை, எக்ஸ்பயர் ஆகவில்லை. அப்பா அதற்குள் மண்ணுக்குள் போய் ஒரு வாரம்.

"என்ன ஆயிற்று, தேவா?" என்றார் மிஸஸ் ஹால். "தேவா? உட்கார்."

"தேவா என் அப்பா, மேடம்" என்றேன். அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்தபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என்னைவிட அதிகமாக அழுதார்.

6

அன்றைக்கே கால் பதிவு பண்ணினேன். ஆள் பெயர் சொல்லிப் போடும் பி.பி. கால். கூப்பிடுகிறவர் பெயரை ஆபரேட்டர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலக் கேட்டாள், சொன்னேன். யார் வேண்டும்? மிஸஸ் தேவசகாயம். இதை யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

மறுநாள் காலை லைன் கிடைத்தது. இங்கிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து மெட்ராஸ், மெட்ராசிலிருந்து எதிர்வீடு. கடல் இரைவதுபோல இரைச்சல். என் குரல் போகாது, அந்தப் பக்கம் சரி என்று சொன்ன பிறகுதான் இணைப்பார்கள். ஆனால் எனக்குக் கேட்டது. மெட்ராஸ் ஆபரேட்டர் பெண்ணின் குரல், தெளிவான தமிழ்.

"அம்மா, அமெரிக்கால இருந்து கால். தேவசகாயம் பேசறாரு, லைன்ல இருங்க."

ஒன்றும் இல்லை. இரைச்சல்.

"ஹலோ? தேவசகாயம் கூப்பிடறாரும்மா. பேசறீங்களா?"

அப்புறம் என் அம்மாவின் குரல். அப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை. சின்னப் பெண் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிறதுபோல. "தேவசகாயம் இல்லம்மா. தேவசகாயம் செத்துப்போயிட்டாங்க. அடக்கம் பண்ணிட்டோம்."

நான் இங்கே "அம்மா, நான்தான், ராஜு, ராஜு" என்று கத்துகிறேன். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். மெட்ராஸ் பெண் பம்பாய்க்கு ஒரு சொல்லில் சொன்னாள்: "பார்ட்டி எக்ஸ்பயர்டு." பம்பாய் இங்கே சொன்னது. இந்த ஊர் ஆபரேட்டர் பெண் லைனில் வந்தாள், நல்ல இனிமையான குரலில்:

"சார், உங்கள் கால் எக்ஸ்பயர் ஆகிவிட்டதாம். மறுபடி பதிவு செய்யட்டுமா?"

அக்கா பிறகு எழுதினாள். அம்மா போனைக் கீழே வைத்துவிட்டு, ரோட்டைத் தாண்டி வந்து, முகம் கழுவிக்கொண்டு, "அவங்க பேரைச் சொல்லிட்டேன் மெர்சி. சொல்ல வச்சிட்டாங்க" என்றாளாம். அதற்குப் பிறகு அந்த வாசலுக்குப் போகவில்லை. வாழ்நாள் முழுக்கச் சொல்லாத பெயர். சொன்ன முதல் தடவையே, கூட அந்த வார்த்தையையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

என் நீட்டிப்பு வந்தது, வேலை திரும்ப வந்தது. மிஸஸ் ஹால் தலைகீழாக நின்று வாங்கிக்கொடுத்தார். திரும்பி வருவதற்கான காகிதம் மட்டும் இன்றுவரை வரவில்லை. இப்போது நற்சான்றுக்கு, ஆராய்ச்சி முன்னேறுகிறது என்று பேராசிரியர் எழுத வேண்டும். என் நிரூபணத்தில் ஓட்டை இருக்கும்வரை அவர் எழுத மாட்டார். அவர் நேர்மையானவர். இங்கே எல்லோருமே நேர்மையானவர்கள். போட்டது போட்டபடி கிளம்பிவிடு என்று பாஸ்கரன் சொல்கிறான். மூன்று வருஷத்தை இந்தப் பனியில் போட்டுவிட்டுப் போய், அம்மா எதிரில் என்னவென்று நிற்பது? போகாமல் மட்டும் என்னவென்று நிற்கிறேன்? கரும்பலகை எதிரில் நிற்கும்போது சில நாள் அம்புகளெல்லாம் புழுபோல நெளிகின்றன. சாக்பீசை வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

நேற்று பதிவு பண்ணும்போது மட்டும் கவனமாக இருந்தேன். கூப்பிடுகிறவர் பெயர்?

"அருள்ராஜ்."

"அது ஃபர்ஸ்ட் நேமா, லாஸ்ட் நேமா சார்?"

"இரண்டும்."

"எனக்கு இரண்டு பெயர் வேண்டும், சார்."

"அருள்ராஜ் அருள்ராஜ்" என்றேன். எழுதிக்கொண்டாள். யார் வேண்டும்? அக்கா பெயரை வைத்துத் தெருவில் எல்லோரும் அம்மாவைக் கூப்பிடும் பெயரைச் சொன்னேன், மெர்சியம்மா. ஃபர்ஸ்ட் நேம் மெர்சி, லாஸ்ட் நேம் அம்மா என்று அவளே பிரித்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை.

7

போன் அடித்துவிட்டது. பேசியாகிவிட்டது. அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அச்சுக் கோக்கிறவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் பம்பாய், பிறகு மெட்ராஸ், அதே இரைச்சல். எதிர்வீட்டுக்காரர் யாரையோ கூப்பிடுகிறார். செருப்புச் சத்தம் கேட்டது என்று சத்தியம் பண்ணுவேன், பாஸ்கரன் நம்ப மாட்டான். மூச்சிரைப்பு இல்லாததால் அது அக்கா இல்லை என்று தெரிந்தது.

"மெர்சியம்மாங்களா? அமெரிக்கால இருந்து கால்மா. அருள்ராஜ் அருள்ராஜ் பேசறாரு."

இரைச்சல்.

"ஒரு தடவ சொன்னா போதும்மா," என்றாள் அம்மா. "எனக்குக் காது நல்லாக் கேக்குது. குடு."

‘க்ளிக்’ என்று ஒரு சத்தம்.

"அம்மா."

"ராஜு. சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லம்மா. இங்க காலைலதான்."

"ஆமா, மறந்துட்டேன் பாரு. ஜெபம் முடிஞ்சுது. ஐயர் வந்திருந்தாரு. அப்பா ஆபீஸ்லேருந்தும் வந்தாங்க. எல்லாரும் உன்னத்தான் கேட்டாங்க." பிறகு கேட்டாள்: "எப்ப ஸ்டார்ட் ஆகறே?"

எனக்குத் தெரிந்ததெல்லாம் சொல்லப் பார்த்தேன். காகிதம், நற்சான்று, பேராசிரியர், ஓட்டை. எங்கே ஆரம்பித்தாலும் அதே வட்டத்துக்கு வந்துகொண்டிருந்தேன். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டாளா, இரைச்சலில் ஒன்றும் விழவில்லையா, தெரியாது.

"சரி. கெளம்பறப்ப தந்தி குடு" என்றாள். "ஸ்டார்டிங்னு ஒரே வார்த்தை போதும். மேல ஒண்ணும் எழுதாத. பேரும் வேணாம். எனக்குத் தெரியும்."

"சரிம்மா" என்றேன். நேரம் முடிந்துவிட்டது என்றாள் ஆபரேட்டர்.

மிஸஸ் ஹாலின் அலுவலகம் ஒன்பது மணிக்குத் திறக்கும். இந்தப் பனியில் வேறு யாரும் வந்திருக்க மாட்டார்கள், முதல் ஆளாக நின்று அந்தக் காகிதத்தை இன்னொரு தடவை கேட்டுவிடலாம். கோட்டை மாட்டிக்கொண்டாயிற்று. கிளம்புகிறேன்.